எம்ஜிபி திறந்த கூரைக் காரின் மீட்டமைப்பு வரலாறு

எம்ஜிபி என்பது இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். இதன் முதல் வடிவம், கூரையை மடித்துத் திறக்கக்கூடிய, இருவர் அமரும் ரோட்ஸ்டர். 1965இல் நிலையான கூரை கொண்ட ஜிடி வடிவம் வந்தது. இரண்டும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராயின. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கழிந்தும் பெருமளவில் மீட்டமைக்கப்படும் பழைய கார்களுள் எம்ஜிபி ஒன்று. ஒரு பழைய காரில் எவ்வளவு பகுதியை மாற்றலாம், எதை மாற்றினால் அது வேறு காராகிவிடும் என்ற கேள்விக்கு இக்காரின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு.

அமைப்பு

இதற்கு முந்தைய எம்ஜிஏ காரில் தனியான சேசிஸின் மேல் உடற்பகுதி பொருத்தப்பட்டிருந்தது. எம்ஜிபியில் சேசிஸ் தனியாக இல்லை. தகடுகளைப் பற்றவைத்து உருவாக்கிய உடற்கூடே எல்லாச் சுமையையும் தாங்கியது. 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் ஏறத்தாழ 95 குதிரைத்திறன் தந்தது. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருந்தன. பின் அச்சு லீஃப் ஸ்பிரிங்குகளின் மேல் அமைந்தது.

உற்பத்திக் காலத்து மாற்றங்கள்

‘அசல் எம்ஜிபி’ என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுவது எளிதன்று. தொழிற்சாலையே இக்காரைத் தொடர்ந்து மாற்றிவந்தது. தொடக்கத்தில் கிராங்க் தண்டை மூன்று பேரிங்குகள் தாங்கின. 1964இல் அவை ஐந்தாயின. 1967இன் இறுதியில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்தது. அதுவரை பேட்டரியின் நேர்முனை உடற்கூட்டுடன் இணைக்கப்பட்டிருந்தது. அதன்பின் எதிர்முனை இணைக்கப்பட்டது. முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் கிடைத்ததும் அப்போதுதான். 1974இல் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகக் குரோம் பம்பர்கள் நீங்கிக் கனமான கறுப்புப் பம்பர்கள் வந்தன. காரின் உயரமும் கூட்டப்பட்டதால் வளைவுகளில் அதன் பிடிப்பு குறைந்தது. எனவே பிற்காலக் காரை வாங்கியோர் பலர், அதன் உயரத்தைக் குறைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தனர். அவர்களுக்கு மேம்பாடு என்பது பின்னோக்கிச் செல்வதாகவே இருந்தது.

துருவும் புதிய உடற்கூடும்

1980 அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. எஞ்சியிருந்த கார்களின் முதல் எதிரி துரு. திறந்த கூரைக் காரில் மேற்கூரை சுமை தாங்குவதில்லை. ஆகையால் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ எனப்படும் பெட்டி வடிவத் தகட்டுப் பகுதியே காரின் முதுகெலும்பு போன்றது. அதன் உள்ளடுக்குகள் துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்ந்து, கதவு இடைவெளி சுருங்கும். கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டு கொடுக்காமல் பழைய சில்லை வெட்டியெடுத்தாலும் இதே கேடு நேரும். கோணிய நிலையிலேயே புதிய தகட்டைப் பற்றவைத்துவிட்டால், பிறகு எத்தனை அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் கதவு சரியாக மூடாது.

இந்தச் சிக்கலுக்கு 1988இல் புதுவகைத் தீர்வு வந்தது. ரோவர் குழுமத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம், உற்பத்திக் காலத்து அச்சுகளைத் தேடிச் சேர்த்து, எம்ஜிபி ரோட்ஸ்டரின் முழு உடற்கூட்டையும் புதிதாகத் தயாரித்து விற்றது. துருப்பிடித்த காரிலிருந்து எஞ்சின், அச்சுகள், இருக்கைகள் முதலியவற்றைக் கழற்றிப் புதிய கூட்டில் பொருத்த முடிந்தது. குப்பைக்குப் போகவிருந்த பல கார்கள் இவ்வாறு சாலைக்குத் திரும்பின.

ஆர்வி8

அதே உடற்கூட்டை அடிப்படையாகக் கொண்டு ரோவர் நிறுவனம் 1992இல் எம்ஜி ஆர்வி8 என்ற காரை அறிமுகப்படுத்தியது. அதில் 190 குதிரைத்திறன் கொண்ட 3.9 லிட்டர் வி8 எஞ்சினும் ஐந்து வேகக் கியர் பெட்டியும் இருந்தன. பின்புறத்தில் லீஃப் ஸ்பிரிங்கும் டிரம் பிரேக்கும் அப்படியே தொடர்ந்தன. 1995 வரை தயாரான ஏறத்தாழ 2,000 கார்களில் பெரும்பகுதி ஜப்பானுக்குச் சென்றது. பழைய காரை நிறுவனமே நவீனப்படுத்தினால் அது தனிப் பெயருடைய புதிய காராகக் கருதப்படும் என்பதை இது காட்டியது. தனியொருவர் தம் காரில் அதே அளவு மாற்றம் செய்தால் அதை என்னவென்று அழைப்பது என்பதே தீராத விவாதம்.

வெளித்தெரியாத மேம்பாடுகள்

மீட்டமைப்போர் செய்யும் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தவிர்க்க இயலாதவை. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொதுவிற்பனை 1999இன் முடிவில் நின்றது. பெட்ரோலில் இருந்த ஈயம், எக்சாஸ்ட் வால்வு அமரும் இடத்தைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. அது இல்லாதபோது சிலிண்டர் ஹெட்டில் கடின உலோக வளையங்களைப் பொருத்த வேண்டியதாயிற்று. பிரிட்டனில் 2021இல் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின், பழைய ரப்பர் குழாய்களையும் மாற்ற நேர்ந்தது.

இரண்டாம் வகை, எளிதில் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியவை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள், பாயிண்டுகள் இருந்த இடத்தில் மின்னணுப் பற்றவைப்புக் கருவி மறைந்துவிடும். முற்காலக் கார்களில் இருக்கைக்குப் பின்னே இருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்குப் பதில் ஒரே 12 வோல்ட் பேட்டரி வைக்கப்படுகிறது. தொழிற்சாலைக் காலத்திலேயே கூடுதல் வசதியாகக் கிடைத்த ஓவர்டிரைவ், நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுழற்சியை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது. அது இல்லாத காருக்கு, போர்டு சியராவில் பயன்பட்ட ஐந்து வேகக் கியர் பெட்டியைப் பொருத்துவதும் உண்டு.

மூன்றாம் வகை, காரின் இயல்பையே மாற்றுபவை. பின்சக்கரங்களின் நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பருக்குப் பதில் குழாய் வடிவத்ததைப் பொருத்துவது எளிது. முன்புறத்திலோ அந்த நெம்புகோலே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் பணிபுரிகிறது. அதை நீக்கினால் முழு அமைப்பையும் மாற்றியாக வேண்டும். எஞ்சினின் வலுவைக் கூட்டினால் பிரேக், குளிர்விப்பு, பின் அச்சு என ஒவ்வொன்றாக மாற்ற நேரும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் முதலில் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சீராக்கி, வலுவைக் கடைசியில் கவனிப்பது இதனால்தான்.

அடையாளம் பற்றிய விதிகள்

மாற்றம் செய்யப்பட்ட வாகனங்களுக்குப் பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை நெடுங்காலம் புள்ளிமுறை ஒன்றைப் பின்பற்றியது. பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 புள்ளிகள் தேவைப்பட்டன. மாற்றமில்லாத உடற்கூட்டுக்கு 5 புள்ளிகளும், சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2 புள்ளிகளும், எஞ்சினுக்கு 1 புள்ளியும் கிடைத்தன. அதே வடிவமைப்பில் செய்த புதிய கூட்டுக்கும் 5 புள்ளிகள் கிடைத்தன. காரின் இதயம் என்று பலரும் கருதும் எஞ்சினுக்கு மிகக் குறைந்த மதிப்பே தரப்பட்டது.

பன்னாட்டுப் பழங்கால வாகனக் கூட்டமைப்பான ஃபீவாவின் டுரின் சாசனம் வேறு அளவுகோலை முன்வைக்கிறது. மாற்றம் தவிர்க்க முடியாததானால் அது கண்ணை உறுத்தாததாகவும், பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கழற்றிய முக்கியமான பாகங்களைப் பாதுகாக்க வேண்டும். செய்த வேலையைப் பதிவுசெய்ய வேண்டும்.

அந்த விதி புள்ளிகளை எண்ணியது. சாசனம் திரும்பிச் செல்லும் வழியைக் கேட்கிறது. எம்ஜிபியின் வரலாற்றோடு பொருந்துவது இரண்டாவதே. தொழிற்சாலையாலும் துருவாலும் சட்டத்தாலும் எரிபொருளாலும் இக்கார் மாறிக்கொண்டே வந்துள்ளது. கழற்றிய கியர் பெட்டி பரணில் பத்திரமாக இருந்து, என்ன செய்தோம் என்ற குறிப்பும் காருடன் இருந்தால், அடுத்து வரும் உரிமையாளர் அதைப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். வெட்டியெறிந்த தகட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.