உளி பிடித்த கையின் பலம்

மலேசியாவின் பாரிட் புந்தார் இன்று நெல்லுக்குப் பேர்போன ஊர். புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் வந்தது 1906இல்தான். அதற்கு முன்பே இந்தச் சதுப்பு நிலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் அங்கே கரும்பு வெட்டினார்கள். 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. கரும்பு சரிய, வட்டாரத்தில் ரப்பர் ஏறியது. அரிவாள் பிடித்த கைகள் ரப்பர் பால் வெட்டும் உளிக்கு மாறின. தோட்ட நிர்வாகத்துக்குக் கை என்றால் வேலை. அந்தக் கையே உடம்பின் நிலையையும் சொல்லும் என்று யாரும் பார்க்கவில்லை.

இப்போது மருத்துவம் அப்படித்தான் பார்க்கிறது. மலேசியாவும் இந்தியாவும் உட்பட 17 நாடுகளில், சுமார் 1,40,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. கையின் பிடிபலம் 5 கிலோ குறைந்தவர்களிடம் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடியிருந்தது. இறப்பை முன்னறிவதில் இரத்த அழுத்தத்தைவிட இந்த அளவே முந்தியது. ஆசிய மருத்துவக் குழு 2019இல் வகுத்த வரம்பின்படி, ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் தசை நலிவைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆயுளெல்லாம் பால் வெட்டியவருக்குப் பிடி உறுதியாகத்தானே இருக்கும், இந்த அளவு ஏமாற்றாதா என்று கேட்கலாம். ஓரளவு நியாயமான கேள்விதான். ஆனால் பால் வெட்டுவது முரட்டு பலத்தைவிட நுட்பத்தைக் கேட்கும் வேலை; உள்மரத்தில் உளி படாமல் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். மேலும், உழைப்பு மட்டுமே உடம்பைக் காத்திருந்தால், தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் அத்தனை பேரைச் சாய்த்திருக்காது. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் ஃபிஜிக்கும் வந்து கொக்கிப்புழுவை ஆராயும் அளவுக்கு அது பெருநோய். இரத்தம் சோர்ந்தால் தசையும் சோரும். சத்தான சாப்பாடு இல்லாத குறையை உளி பிடித்த பழக்கம் ஈடுகட்டாது. பிடிபலத்தில் விரல்களின் பயிற்சியோடு முழு உடம்பின் இருப்பும் சேர்ந்தே தெரிகிறது.

வேறொரு தடை இதைவிடக் கனமானது. தேய்ந்த மணிக்கட்டும் மூட்டுவலியும் நோயில்லாதவரின் அளவையும் குறைத்துக் காட்டும். அதனால் ஒருமுறை எடுத்த அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒருவரின் சென்ற ஆண்டு அளவோடு இந்த ஆண்டு அளவை ஒப்பிட வேண்டும். கையை மட்டும் பயிற்சியால் முறுக்கேற்றினால் ஆயுள் நீளும் என்பதற்கும் அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. குறைந்த பிடி ஓர் அறிகுறி. காரணத்தைத் தேடும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தோட்டத்தை விட்டு வந்த முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கிளினிக்குகள், ஒரு நிமிடம் செலவிட்டுப் பிடிபலத்தையும் குறித்து வைக்கட்டும்.