பொய் சொன்னால் உயிர்! மெய் சொன்னால் தீ!

ஸ்பெயின் நாட்டின் வடகோடியில், பைரனீஸ் மலைத்தொடர் தாழ்ந்து கடலை நோக்கிச் சரியும் மூலையில், பிரெஞ்சு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது சுகர்ரமுர்தி. நவார்ரா நாட்டுப்புறத்தின் சிற்றூர். பாஸ்க் மொழி பேசும் மக்கள். பசும்புல் மேடுகள், மேயும் ஆடுகள், கல்லால் கட்டிய வீடுகள், நடுவே ஒரு மாதா கோயில். குடியிருப்போர் சில நூறு பேரே. ஆயினும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அவ்வூரை நாடி வருகின்றனர். பொன் விளையும் பூமியோ? அல்ல. மன்னன் பிறந்த மாளிகை உண்டோ? இல்லை. அவர்கள் காண வருவது ஒரு குகையை!

சுண்ணாம்புப் பாறையை ஓர் ஓடை காலமெல்லாம் அரித்து அரித்துக் குடைந்த குகை அது. ஏறத்தாழ 120 மீட்டர் நீளம். நீர் குடைந்தது பாறையை; அச்சம் சூட்டியது பெயரை. குகைக்குச் 'சூனியக்காரிகளின் குகை' என்று பெயர். அதனூடே ஓடும் தெள்ளிய நீருக்கு 'நரக ஓடை' என்று பெயர்! ஆட்டுக்கடாவின் உருவில் சாத்தான் வீற்றிருக்க, பெண்கள் இரவில் பறந்துவந்து அவனை வணங்கிக் கூத்தாடிய இடமாம் அது. ஆட்டுக்கடாவின் புல்வெளி என்று பொருள்படும் 'அகெலார்ரே' என்ற பாஸ்க் சொல், சூனியக்காரிகளின் இரவுக் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லாக ஸ்பானிய மொழியிலும் ஏறி அமர்ந்துவிட்டது.

இன்று அந்தக் குகையில் விழா எடுக்கிறார்கள்; ஆட்டிறைச்சியைத் தீயில் வாட்டி விருந்து வைக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டில் பழைய மருத்துவமனைக் கட்டடமொன்றில் சூனியக்காரிகள் அருங்காட்சியகம் திறந்தனர். 2013-இல் ஊரின் பெயரையே தலைப்பில் தாங்கித் திரைப்படமும் வந்தது. வேடிக்கை பார்ப்போர் பார்க்கட்டும். நாம் அந்த ஊருக்குச் செல்வது வேறு நோக்கத்தோடு. தீ எப்படி மூட்டப்பட்டது, யார் மூட்டினர், யார் அணைத்தார் என்று கேட்கச் செல்கிறோம். பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்விகள் அவையல்லவா?

1608-ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள். எல்லைக்கு அப்பால், பிரெஞ்சு மண்ணில் சிபூர் என்னும் ஊரில் வாழ்ந்துவந்த மரியா தெ சிமில்தெகி என்ற இருபது வயதுப் பெண் சுகர்ரமுர்திக்குத் திரும்பினாள். வந்தவள் வாய் திறந்தாள். பிரெஞ்சுப் பக்கத்தில் தான் சூனியக்காரிகள் கூட்டத்தில் சேர்ந்திருந்ததாகவும், இவ்வூர்க் கூட்டத்துக்கும் வந்ததாகவும், அங்கே யார் யாரைக் கண்டாள் என்றும் கூறினாள். மரியா தெ யுரெதெகியா என்ற இளம்பெண்ணைச் சுட்டிக்காட்டினாள். அவள் மறுத்தாள், மீண்டும் மறுத்தாள். சுற்றியிருந்தோரின் சொல் அழுத்தியது, கண்கள் அழுத்தின, வீட்டாரும் ஊராரும் அழுத்தினர். கடைசியில், ஆம் என்றாள். ஆம் என்ற வாய், அடுத்த பெயரையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஒருத்தி மற்றொருத்தியை, அவள் வேறொருவரை... பெயர்கள் பெருகின.

தோழர்களே! இவ்விடத்தில் ஊர்மக்கள் செய்ததைக் கவனியுங்கள். குற்றம் சாட்டப்பட்டோர் கோயிலில் கூடினர், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டனர், ஊர் மன்னித்தது. படிப்பறியா ஆட்டிடையரும் உழவரும் பகையை அந்த அளவில் முடித்துக்கொண்டனர். மூடநம்பிக்கை அவர்களிடம் இருந்தது. முகம் பார்த்து மன்னிக்கும் மனமும் இருந்தது. அங்கேயே அது முடிந்திருந்தால், சுகர்ரமுர்தியின் பெயரை உலகம் அறிந்திருக்காது.

முடியவிட்டார்களா? தெற்கே லோக்ரோஞோ நகரில் இருந்தது மதவிசாரணை மன்றம். ஐரோப்பா கேட்டு நடுங்கிய இன்குவிசிஷன். செய்தி அதன் செவிக்கு எட்டியது. 1609 ஜனவரியில் நான்கு பெண்களைக் கொண்டுசென்றனர். ஊரார் சிலர் என்ன செய்தனர் தெரியுமா? நீதிமன்றத்தை நம்பினர்! அடுத்த திங்களில் ஆறு பேர் தாமாகவே லோக்ரோஞோவுக்குப் போயினர். அச்சத்தால் பொய் சொன்னோம், நாங்கள் சூனியக்காரர் அல்லர் என்று முறையிடப் போயினர். அவர்களுள் ஒருத்தி, எண்பதை எட்டிய கிழவி கிராசியானா தெ பார்ரெனெச்சியா. உண்மையைச் சொல்ல வந்தவர்களை மன்றம் என்ன செய்தது? உள்ளே தள்ளிக் கதவைத் தாளிட்டது!

சிறைப்பட்டவர்களுக்குத் தெரிந்தது பாஸ்க் மொழி. விசாரித்தவர்களுக்கு அம்மொழி தெரியாது. கேள்வி ஒரு மொழியில், பதில் ஒரு மொழியில், இடையே மொழிபெயர்ப்பாளன். உயிர் ஊசலாடியது அந்த இடைவெளியில். பெண்களிடம் வாக்குமூலம் வாங்கச் சித்திரவதைக் கருவிகள் தேவைப்படவில்லை. இருட்டறையும் தனிமையும் முடிவில்லாத விசாரணையுமே போதுமாயிருந்தன. சிறையில் நோய் பரவிற்று. தீர்ப்பு வருமுன்னர் பதின்மூவர் மாண்டனர். கிராசியானாவும் அங்கேயே கண்மூடினாள்.

அந்த மன்றத்தின் சட்டத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆம், நான் சூனியக்காரி, சாத்தானை வணங்கினேன் என்று ஒப்புக்கொண்டால் மன்னிப்புக்கு வழி உண்டு. இல்லை, நான் குற்றமற்றவள் என்றால் பிடிவாதக்காரி, மனந்திரும்பாதவள், எரிக்கத் தக்கவள்! பொய் சொன்னால் உயிர். மெய் சொன்னால் தீ! வாய்மையே வெல்லும் என்று உலகெங்கும் போதிக்கின்றனர். மதத்தின் பெயரால் நடந்த மன்றமோ வாய்மைக்கு விலையாக விறகை அடுக்கிவைத்தது.

1610 நவம்பர் 7, 8 ஆகிய நாள்களில் லோக்ரோஞோவில் தீர்ப்புத் திருவிழா நடந்தது. ஆம், திருவிழாவேதான். மேடை, ஊர்வலம், சிலுவை, அலையலையாய் மக்கள். சூனியக் குற்றம் சாட்டப்பட்டோர் 31 பேர். அவர்களுள் 11 பேருக்குத் தீ. ஐவர் ஏற்கெனவே சிறையில் இறந்தவர்கள். விடவில்லை, அவர்கள் எலும்பையும் உருவப் பொம்மையையும் எரித்தனர்! உயிரோடு எரிக்கப்பட்டவர் அறுவர்: மரியா தெ அர்புரு, மரியா பஸ்தான் தெ லா போர்தா, கிராசியானா சார்ரா, மரியா தெ எச்சசூதே, தோமிங்கோ தெ சுபில்தெகி, பெத்ரி தெ யோவாங்கொரேனா. நால்வர் பெண்கள், இருவர் ஆடவர்.

அர்புருவின் மகன் பக்கத்து உர்தாக்ஸ் மடத்துத் துறவி. போர்தாவின் மகன் பாதிரி. பிள்ளைகளைத் திருச்சபைக்கே அளித்த தாய்மார், திருச்சபையின் தீயில் வெந்தனர். அந்த அறுவரும் இறுதிவரை, 'இல்லை' என்ற சொல்லைக் கைவிடவில்லை. முதலில் 'ஆம்' என்று சொன்ன யுரெதெகியா மன்னிக்கப்பட்டாள். அவளைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. பழிக்கு உரியது, பொய்யை உயிர்காக்கும் மருந்தாக்கிய அந்த முறை.

எரித்ததால் பேய் அடங்கியதா? பெருகிற்று! லோக்ரோஞோவில் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் கதையை ஊர் ஊராக விதைத்தனர். 1611 ஜனவரியில் அந்நகர அச்சகத்தார் ஹுவான் தெ மொங்காஸ்தோன், தீர்ப்பு விழாவின் விவரத்தை ஏடாக வெளியிட்டார். மேடைதோறும் பாதிரிமார் முழங்கினர். சிறுவர் சிறுமியர் இரவில் கனவு கண்டனர். காலையில், கூட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டோம் என்று அழுதனர். வேரா என்னும் ஊரில் பாதிரியார் தம் இல்லத்திலேயே பிள்ளைகளைப் படுக்கவைத்துக் காவல் காத்தார். காவல் காக்கக் காக்க அச்சம் வளர்ந்தது; அச்சம் வளர வளரக் கனவு வளர்ந்தது.

இந்த வேளையில்தான் வருகிறார் அலோன்சோ தெ சலசார் பிரியாஸ். புரட்சிக்காரரா? இல்லை. நாத்திகரா? இல்லவே இல்லை. அதே மன்றத்தின் மூன்று நீதிபதிகளில் ஒருவர், 1564-இல் பூர்கோஸ் நகரில் பிறந்த பாதிரி, சட்டம் கற்றவர். 1609 ஜூனில் பதவியேற்றார். மரியா தெ அர்புருவின் வழக்கில் சான்று போதாது என்று மற்ற இருவரோடு மாறுபட்டார்; இருவர் வாக்கே வென்றது. மற்றவர்கள் வழக்கில் அவர் கையெழுத்தும் தீயில் சேர்ந்தேயிருக்கிறது. அதை மறைத்து அவரைப் புனிதராக்க வேண்டுவதில்லை. ஆனால், எரித்த சாம்பலைப் பார்த்த பின்பு அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. ஆதாரம் எங்கே?

மன்னிப்பு ஆணையைக் கையில் ஏந்தி, 1611 மே 22-இல் புறப்பட்டார். மலையூர்களிலே ஏறத்தாழ எட்டுத் திங்கள் அலைந்தார். அவரிடம் வந்து வாக்குமூலம் தந்தோர் 1,802 பேர். அவர்களுள் 1,384 பேர் குழந்தைகள்! பெண்ணாயின் பன்னிரண்டு வயதுக்கும், ஆணாயின் பதினான்குக்கும் கீழ்ப்பட்டவர்கள். 81 பேர், முன்னர்ச் சொன்னதெல்லாம் பொய் என்று துணிந்து திரும்பப் பெற்றனர். அவர்களை அவர் எரிக்கவில்லை; எழுதிக்கொண்டார்.

எழுதியதோடு நிற்கவில்லை, சோதித்தார். கூட்டம் நடந்த இடம் எது என்று 36 பேரைத் தனித்தனியே கேட்டார். விடைகள் ஒன்றோடொன்று முட்டி மோதின. பறப்பதற்குப் பூசும் களிம்பு என்று 22 கலயங்கள் வந்தன. மருத்துவரைக் கேட்டார், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அத்தனையும் போலி! சாத்தானோடு கூடினோம் என்ற சிறுமியரை மூதாட்டிகள் பார்த்தனர், கன்னியரே என்றனர். சந்தெஸ்தேபான் என்ற ஊரில், புனித யோவான் திருநாளின் முன்னிரவு பெருங்கூட்டம் நடந்தது என்று பிள்ளைகள் கூறினர். அவர்கள் குறித்த இடத்தில் அந்த இரவு சலசாரின் எழுத்தர்கள் இருவர் இருந்திருந்தனர். அவர்கள் கண்டது என்ன? இருளைக் கண்டனர், வேறெதையும் காணவில்லை!

1612-இல் மத்ரித் மேல்மன்றத்துக்கு அவர் எழுதிய அறிக்கையின் சாரம் இது. சூனியம் நடந்ததற்கு ஒரு சான்றும் கிட்டவில்லை. சாத்தானால் பறக்க இயலுமா என்பது கேள்வியன்று. இந்த மனிதர் இந்த இரவில் பறந்தார் என்று, அவர் சொல்லை மட்டும் கொண்டு நம்பலாமா என்பதே கேள்வி. பேசவும் எழுதவும் தொடங்கிய பின்னரே சூனியக்காரியும் தோன்றினாள், சூனியம் வைக்கப்பட்டவனும் தோன்றினான். ஒலாகே என்னும் ஊரில் ஒரு துறவி வந்து மேடையேறிப் பேசும்வரை அப்படியொரு பேச்சே இருந்ததில்லை என்று எடுத்துக்காட்டினார். நோய்க்கு மருந்து கொடுக்க வந்ததாகச் சொன்னவர்களே நோயைக் கொணர்ந்தனர் என்பதை, நோய் பரப்பிய மன்றத்தின் நீதிபதியே எழுதிவைத்தார்!

உடன் நீதிபதிகள் இருவரும் சீறினர், மறுத்து எழுதினர். ஆனால் 1614 ஆகஸ்ட் 29-இல் மேல்மன்றம் புதிய விதிகளை வகுத்தது. சான்றின்றிச் சிறைப்பிடிக்கலாகாது, ஒப்புதலோடு உண்மையை ஒத்துப் பார்க்க வேண்டும், லோக்ரோஞோவில் தண்டிக்கப்பட்டோரின் பழிச்சின்ன ஆடைகளைக் கோயிலில் தொங்கவிடலாகாது. அதன்பின் அந்த மன்றம் சூனியத்துக்காகத் தீ மூட்டுவது நின்றது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் வேட்டை தொடர்ந்த காலம் அது. ஸ்பெயினுக்குள்ளேயே, கத்தலோனியாவில், இந்த விதிகளுக்குக் கட்டுப்படாத ஊர் நீதிமன்றங்கள் அதன்பின்னும் பெண்களைத் தூக்கிலிட்டன. வேறுபாடு நிலத்தில் இல்லை, மதத்தில் இல்லை. சான்று கேட்டார்களா, இல்லையா என்பதில் இருந்தது.

இதனால் இன்குவிசிஷன் நல்லதாகிவிட்டது என்று எவரேனும் கூறினால், ஏமாந்துவிடாதீர்கள். சூனியக்காரி இல்லை என்று கண்டுகொண்ட அதே மன்றம், யூத வழியினரையும் முஸ்லிம் வழியினரையும் வேட்டையாடுவதை விட்டுவிடவில்லை. 1609-க்கும் 1614-க்கும் இடையே, சலசார் மலையூர்களில் அலைந்த அதே ஆண்டுகளில், ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோ மக்களை ஸ்பெயின் அரசு நாடுகடத்தியது. மன்றம் அடியோடு ஒழிந்தது 1834-இல்தான். ஒரு மூலையில் ஏற்றிய விளக்கு, வீடு முழுவதையும் வெளிச்சமாக்கிவிடவில்லை.

சலசாரின் தாள்களும் நெடுங்காலம் இருட்டிலேயே கிடந்தன. தீர்ப்பு விழாவைப் பாடிய ஏடு உலகெங்கும் உலவியது. மறுத்த அறிக்கையோ ஆவணக் கட்டுக்குள் உறங்கிற்று. இருபதாம் நூற்றாண்டில் டென்மார்க் அறிஞர் குஸ்தாவ் ஹென்னிங்சென் அந்தத் தாள்களைத் துருவி ஆராய்ந்து 1980-இல் பெருநூல் எழுதிய பின்னரே முழுக்கதையும் வெளிச்சத்துக்கு வந்தது. புரட்டுக்கு அச்சகம் உடனே கிடைத்தது. உண்மை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது!

சுகர்ரமுர்திக் குகைக்குள் ஓடை இன்றும் ஓடுகிறது. அதன் பெயர் நரகம், நீரோ தூயது. நரகம் அங்கே இல்லை. கேள்வி கேளாமல் தலையாட்டிய கூட்டத்தில் இருந்தது. ஆதாரம் கேளாமல் முத்திரை குத்திய பேனாவில் இருந்தது. சலசாரின் கேள்வி கூர்மையானது. ஆனால் அறுவருக்கு அது காலம் கடந்த கேள்வி. சாம்பலான பிறகு வரும் நீதி, சாம்பலை உயிராக்குவதில்லை.

ஆகவே, தோழர்களே, ஊர் ஒருத்தியைச் சுட்டிக்காட்டி முணுமுணுக்கத் தொடங்கும் முதல் நாளில் எழுந்து நின்று, 'ஆதாரம் எங்கே?' என்று கேளுங்கள். விறகு அடுக்கிய பின்னர்க் கேட்பவன் வரலாற்று ஆசிரியனாகலாம். முதல் நாளிலேயே கேட்பவனே உயிரைக் காப்பாற்றுவான்!