தறி அட்டையிலிருந்து பிள்ளையின் கைக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற மாதம் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் நாம் இறங்கும்போது, நம் மஹல்லாவைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர் காத்திருந்தார். வீட்டில் இரண்டு தறிகள் வைத்திருப்பவர். அவருடைய பன்னிரண்டு வயது மகன் நம் மக்தபில் ஓதுகிறான்.

"ஹஜ்ரத், பையன் கையில் வைத்து விளையாடும் கேம் கருவி ஒன்று கேட்கிறான். வாங்கிக் கொடுப்பது கூடுமா, கூடாதா?"

என்ன விளையாட்டு என்று கேட்டோம். "சாகச விளையாட்டாம். தெரியாத ஊருக்குள் போக வேண்டுமாம். குகை இருக்குமாம், பூட்டிய கதவு இருக்குமாம், சாவியைத் தேட வேண்டுமாம். விலையைக் கேட்டால் ஒரு புடவைக் கூலி போதாது" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எட்டு வயதில் கரை நாடா போட என்னைத் தறியில் உட்கார வைத்தார்கள் ஹஜ்ரத். விளையாட்டு என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. அதனால்தான் இது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

அன்றே விடை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு, அப்பொருளைப் பற்றிய அறிவின் கிளை என்பது ஃபிக்ஹு நூலோர் நமக்குக் கற்பித்த விதி. அக்கருவி எங்கிருந்து வந்தது என்று சில நாட்கள் தேடிப் படித்தோம். தேடல் நம்மை நம் ஊர்த் தறிக்கே கொண்டுவந்து சேர்த்தது.

ஆரணியில் பட்டுத்தறியை அறியாத வீடு அரிது. தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டி. அதிலிருந்து சங்கிலி போலக் கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகள். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே செல்லும். அதற்குரிய பாவு இழை உயரும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே நிற்கும். அட்டைகளை மாற்றினால் அதே தறி மயிலை விட்டு மாங்காயை நெய்யும். கருவி ஒன்று, கட்டளை வேறு என்னும் இந்தக் கருத்தே இன்றைய கணினிகள் அனைத்துக்கும் அடிப்படை.

இக்கருத்தின் பழைய சுவடுகளுள் ஒன்று முஸ்லிம்களின் பக்தாதில் காணப்படுகிறது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த பனூ மூசா என்னும் மூன்று சகோதரர்கள், முட்கள் பதித்த உருளை சுழலத் தானே இசைக்கும் குழல் கருவி ஒன்றை விவரித்து எழுதினர். 1206ஆம் ஆண்டளவில் தம் நூலை முடித்த அல்ஜஸரீ, முளைகளை இடம் மாற்றினால் தாளம் மாறும் இயந்திர மேளகாரர்களை வரைந்து காட்டினார். அவையும் பெரும்பாலும் அரசவையின் களிப்புக்காக அமைந்த விளையாட்டுக் கருவிகளே. நம் முன்னோர் விளையாட்டுக் கருவியை அறியாதவர்கள் அல்லர்.

தறியின் கதை பிரான்சு நாட்டின் பட்டு நகரமான லியோனில் தொடர்கிறது. பூவேலைப் பட்டு நெய்ய அங்கே நெசவாளருடன் ஒரு சிறுவனும் தறியருகே அமர வேண்டியிருந்தது. நாள் முழுவதும் கயிறுகளை இழுத்து, உரிய பாவு இழைகளை உயர்த்துவது அவன் வேலை. 1804ஆம் ஆண்டு ஜோசப் மரி ஜக்கார்டு, தமக்கு முன்னிருந்தோரின் முயற்சிகளை ஒன்றுசேர்த்து அமைத்த பொறியில், அச்சிறுவனின் வேலையைத் துளையிட்ட அட்டைகள் ஏற்றுக்கொண்டன. ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தபோது ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் பட்டுப் படம் ஒன்றை இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தம்மிடம் வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் அதே அட்டை முறையைக் கைக்கொண்டார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளையட்டைகளைக் கொண்டே ஹெர்மன் ஹோலரித்தின் பொறிகள் எண்ணின. அவர் தொடங்கிய நிறுவனம் வேறு நிறுவனங்களோடு இணைந்து பின்னாளில் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது.

லியோனின் தறி நுட்பம் கிழக்கேயும் சென்றது. ஜப்பானின் கியோட்டோ நகரில் நிஷிஜின் என்னும் பட்டு நெசவுப் பகுதி உண்டு. 1872ஆம் ஆண்டு அங்கிருந்து மூவர் லியோனுக்கு அனுப்பப்பட்டு ஜக்கார்டு முறையைக் கற்றனர். அதே கியோட்டோவில் 1889ஆம் ஆண்டு ஃபுசாஜிரோ யமவுச்சி என்பவர், பூக்கள் வரைந்த சீட்டுகளைச் செய்து விற்கும் சிறு தொழிலைத் தொடங்கினார். அந்தத் தொழிலே இன்றைய நின்டெண்டோ. அச்சீட்டுகள் ஜப்பானில் சூதாடிகளின் கையில் பெரிதும் புழங்கியவை. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது; சற்றுப் பின்னர் இதற்குத் திரும்புவோம்.

1965ஆம் ஆண்டு அந்நிறுவனத்தில் சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் குன்பெய் யோகோய். ஒருநாள் ரயிலில் ஒருவர் பொழுதைக் கழிக்கக் கணக்குக் கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். அதிலிருந்து 1980ஆம் ஆண்டு 'கேம் அண்ட் வாட்ச்' என்னும் சட்டைப்பைக் கருவி பிறந்தது. 1989ஆம் ஆண்டு 'கேம் பாய்' வந்தது. வண்ணமற்ற திரை, நான்கு சிறு பேட்டரிகள், மாற்றிச் செருகும் கேசட்டு. கருவி ஒன்று, கேசட்டு வேறு என்பது நம் தறிக்கும் அட்டைக்கும் உள்ள உறவேயாகும். அக்கருவியும் அதன் வண்ணத்திரை வடிவமும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கும் மேல் விற்றன.

சாகச விளையாட்டின் தோற்றமோ ஒரு தந்தையின் கதை. வில் குரோத்தர் என்னும் அமெரிக்கர் கணினி நிரல் எழுதுபவர். குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் செய்பவரும்கூட. மணமுறிவுக்குப் பின் தம் இரு மகள்களும் தம்மோடு மகிழ்ந்திருக்க வேண்டுமென்று, கென்டக்கி மாநிலத்தில் தாம் அறிந்த குகை ஒன்றை எழுத்தால் அமைத்த விளையாட்டை 1970களின் நடுவில் உருவாக்கினார். படம் ஒன்றும் இல்லை. எங்கே நிற்கிறோம் என்பதைப் படித்து, எத்திசையில் செல்வது என்று எழுத்தில் கட்டளையிட வேண்டும். அதன் பெயர் 'அட்வெஞ்சர்'. 1977ஆம் ஆண்டு டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். அந்தப் பெயரே பிற்காலத்தில் இவ்வகை விளையாட்டுகள் அனைத்துக்கும் பெயராயிற்று. 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'செல்டா' விளையாட்டை அமைத்த ஷிகெரு மியமோட்டோவும், கியோட்டோவை அடுத்த சிற்றூரில் சிறுவனாகக் குகையொன்றுக்குள் நுழைந்து பார்த்த வியப்பையே அதில் வடித்ததாகச் சொல்லியிருக்கிறார்.

புதிர்களை விடுவித்து முன்னேறும் கதை தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. அரசகுமாரி கேட்கும் நூறு வினாக்களுக்கு இளைஞன் விடை சொல்லும் 'நூறு மசலா' நம் பாட்டிமார் வீடுகளில் ஓதிக் கேட்ட நூல்தான்.

இங்கே நாம் நம் நண்பரின் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். 'செல்டா' வெளிவந்த அதே 1986இல்தான் நம் நாட்டில் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், காஞ்சிபுரம், ஆரணி வட்டாரங்களின் பட்டுத்தறிகளில் சிறுவர்கள் துணையாள்களாக அமர்ந்தார்கள். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு ஒரு நாடா போதாது. ஒரு பக்கக் கரையின் நாடாவைப் போட இன்னொரு கை வேண்டும். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அந்தக் கை பல வீடுகளில் பிள்ளையின் கையாக இருந்தது. லியோனில் சிறுவனின் கயிற்று வேலையை எடுத்துக்கொண்ட அட்டை நம் தறிகளின் மேலும் தொங்கியது. கரை நாடாவை அது போடவில்லை. கேம் பாய் உலகைச் சுற்றி வந்த ஆண்டுகளில் நம் நண்பர் குழித்தறியின் ஓரத்தில் கால் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார்.

மார்க்கம் பிள்ளையின் விளையாட்டை எப்படிப் பார்த்தது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்திருந்ததையும், அவற்றுள் சிறகுள்ள குதிரை ஒன்றைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. உலகில் இல்லாத குதிரையைப் பிள்ளையின் கற்பனைக்கு அண்ணலார் மறுக்கவில்லை. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில், மக்தபிலிருந்து வந்த பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிப்பிலேயே வருத்தினால் அதன் உள்ளம் செத்து அறிவு மழுங்கும் என்ற கருத்தை எழுதியுள்ளார்.

அதே மார்க்கம் பகடையைக் கடுமையாகத் தடுத்தது. சதுரங்கத்தைப் பற்றி இமாம்கள் கருத்து வேறுபட்டனர். ஹனஃபீ அறிஞர்கள் கண்டிப்புக் காட்டினர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) விரும்பத்தகாதது என்ற அளவில் நிறுத்தினார். அந்த விவாதங்களில் மீண்டும் மீண்டும் வரும் கேள்விகள் மூன்று. பணயம் உண்டா? தொழுகை தவறுகிறதா? நாவு கெடுகிறதா?

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், சூதாடிகளின் சீட்டு செய்த நிறுவனத்தின் கருவி என்பதாலேயே அது ஹராமாகிவிடாது. வணிகரின் பழைய தொழில் எதுவாயினும், இன்று வாங்கும் பொருளே ஆராயப்பட வேண்டும். ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, தொடக்கமும் முடிவும் உள்ள கதையை விளையாடுவதில் பணயம் இல்லை. கதையில் சிலை வணக்கமோ ஆபாசமோ கொடூரமோ உண்டா என்று முன்கூட்டிப் பார்ப்பது பெற்றோர் கடமை. அது கதைப் புத்தகத்துக்கும் பொருந்தும்.

நாம் அஞ்ச வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. கேட்டவுடன் பிள்ளையிடம் நீட்டும் நம் கைபேசியில் இலவசம் என்று வரும் விளையாட்டுகள் பல; அவற்றுக்கு முடிவு இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைப் பணம் கொடுத்துத் திறக்கச் சொல்கின்றன. பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018இல் சில விளையாட்டுகளின் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் தமிழ்நாட்டில் உயிர்கள் போனதை நாம் கண்டோம். அதன் பின்னரே நம் மாநிலச் சட்டம் வந்தது. 2025இல் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. பகடையின் இன்றைய வடிவம் அங்கே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் கருவியைக் கண்டு தயங்கும் நாம், இலவசமாக வந்ததைத் தயங்காமல் கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே நண்பரிடம் இவ்வாறு சொன்னோம்: "பாய், கருவி கூடும். நிபந்தனைகள் உண்டு. கடன் வாங்கி வாங்காதீர்கள், பழையது போதும். அஸருக்குப் பின் ஒரு மணி நேரம். மஃரிப் பாங்கு கேட்டால் மூடிவிட வேண்டும். இணையத்தில் பணம் கட்டும் வழியை அடைத்துவிடுங்கள். ஒரு விளையாட்டை முடித்த பிறகே அடுத்தது. முதல் சில நாட்கள் நீங்களும் அவனருகே உட்காருங்கள்."

கடைசி நிபந்தனையைக் கேட்டு அவர் சிரித்தார். "எனக்கு என்ன தெரியும் ஹஜ்ரத்?"

இரு வாரங்கள் கழித்துச் சொன்னார். வேறொருவர் விளையாடி விற்ற பழைய கருவியை வாங்கியிருக்கிறார். மூன்றாம் நாள், தரையில் நிறக்கற்கள் பதித்த அறை ஒன்றில் மகன் சிக்கிக்கொண்டான். கதவு திறக்கவில்லை. இவர் வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "மூன்றாவது வரிசையில் இழை தப்பியிருக்கிறது, பார்" என்றாராம். மகன் அந்தக் கல்லை நகர்த்தினான்; கதவு திறந்தது. "அத்தா, உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டானாம்.

சொல்லும்போது அவர் முகத்தில் நாம் அதற்கு முன் காணாத ஒரு மலர்ச்சி. பாங்கு ஒலித்தது. ஒளூச் செய்ய இருவரும் எழுந்தோம்.

நம் பிள்ளைகளின் ஓய்வு நேரம் அல்லாஹ் அளித்த அமானிதம். அதைப் பறித்துத் தறியில் கட்டியதும் தவறு. கேட்பாரின்றித் திரையில் விட்டுவிடுவதும் தவறு. இரண்டிலிருந்தும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக, ஆமீன்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.