புத்தளத்தில் ஒதுங்கிய மரக்கலம்

நுரைச்சோலை, கற்பிட்டிக் குடாநாட்டின் ஆழ்கடற் பக்கத்தே அமைந்த ஊர். அதன் கிழக்கே களப்பு. களப்பின் அக்கரையிற் புத்தளம். களப்பின் வாய் வடக்கே கற்பிட்டிப் பக்கமாக இருத்தலின், தெற்கிலிருந்து புத்தளம் நோக்கி வரும் மரக்கலம் இக்கரையோரமாக ஓடிக் குடாநாட்டின் முனையைச் சுற்றியே உட்புகுதல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் அக்காற்று கலத்தைக் கரைக்கே தள்ளும். கி.பி. 1344ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபுன் பதூதா மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தை அடைந்த வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இந்நிலவமைப்பை முதலில் மனத்திற் கொள்ளுதல் நன்று.

மாலைதீவிலே காதியாகப் பணியாற்றிய அவர், அங்குள்ள அமைச்சரோடு பிணங்கி ஆகத்து மாதத்தின் பிற்பகுதியிற் புறப்பட்டார். செல்ல நினைத்தது இலங்கைக்கன்று. அராபியர் மஃபர் என வழங்கிய பாண்டிநாட்டுக் கரைக்கே. மூன்று நாளில் முடியவேண்டிய பயணம் ஒன்பது நாள் நீண்டதென்றும், கலத்தில் தேர்ந்த மாலுமி இருக்கவில்லையென்றும் அவர் கூறுகின்றார். குறையை மாலுமியின் மீது சுமத்துதல் எளிது. ஆயின் மாலைதீவிலிருந்து புத்தளம் வரையுள்ள தூரமே ஏறத்தாழ 900 கிலோமீற்றர். மஃபர்க் கரை அதனினும் சேய்மையது. மூன்று நாட் கணக்கே மிகையான நம்பிக்கையிற் பிறந்தது எனலாம்.

ஒன்பதாம் நாள், புகைத்தூண்போல் வானளாவிய மலையொன்று தோன்றிற்று. அது 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலை. கரையைக் கண்டும் மாலுமிகள் மகிழவில்லை. அது ஆரியச்சக்கரவர்த்தியின் நாடு, அவன் கலங்கள் கடலிற் கொள்ளையிடுவன என்று அஞ்சினர். காற்றோ வலுத்தது. கலம் உடையும் என்ற அச்சம் மன்னனைப் பற்றிய அச்சத்தை வென்றது. தம்மைக் கரையில் இறக்கிவிடுமாறும், மன்னனிடம் அபயம் பெற்றுத் தருவதாகவும் இபுன் பதூதா கூறினார். கரையில் வினவியோரிடம் தாம் மஃபர் சுல்தானின் உறவினர் என்றார், அது மெய். கலத்திலுள்ள பொருள் யாவும் அச்சுல்தானுக்குக் கொணர்ந்த காணிக்கை என்றார். அது காலத்துக்கேற்ற பொய். அவர் இறங்கிய துறையின் பெயர் நூலில் இல்லை. எனினும் மேற்குறித்த கரையின் இயல்பை அறிந்தோர்க்கு மாலுமிகளின் கலக்கம் எளிதில் விளங்கும்.

மரத்தாலான மதிலும் காவற்கோபுரங்களும் கொண்ட சிறிய அழகிய பட்டினமாகப் புத்தளத்தை அவர் வருணிக்கின்றார். பாரசீகம் விளங்கிய அம்மன்னன் அவரை மூன்று நாள் உபசரித்தான். அவனை மார்த்தாண்ட சிங்கையாரியன் எனக் கொள்வோர் உளர். அவனுடைய கலங்கள் நூறு மஃபர்க் கரையில் வந்து நின்றதைத் தாம் கண்டதாகவும் இபுன் பதூதா எழுதுகின்றார். யாழ்ப்பாண அரசின் கடல்வலிமைக்கு வேற்றுநாட்டார் ஒருவர் நேரிற் கண்டு கூறிய சான்றாதலின் இது பெருமதிப்புடையது.

ஆயினும் சான்றை ஆராயாது கொள்ளுதல் தகாது. புத்தளத்தை அவர் தலைநகர் என்கின்றார். ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசிருக்கையோ வடக்கே இருந்தது. கறுவா மரங்களை வெள்ளம் அடித்துவந்து கரையில் மலைபோற் குவித்ததாகச் சொல்கின்றார். கறுவா ஈரவலயப் பயிர். புத்தளம் வறண்ட நிலம். தெற்கிலிருந்து வணிகத்துக்காகக் கொணர்ந்து குவித்த மரங்களையே அவர் கண்டிருத்தல் கூடும். முத்துக்குளிப்பு மன்னார்க் கடலிற் கடல் அமைதியுறும் பங்குனி, சித்திரையை அண்டி முற்காலத்தில் நடைபெற்றது. புரட்டாதியை அண்டி வந்தவர், மன்னன் முன்னிலையில் முத்துக்களைத் தரம்பிரித்ததைக் கண்டார். அவை முன்னரே சேமித்துவைத்தவை போலும். இவற்றை ஒருங்கு நோக்கின், தென்திசைக் கறுவாவும் வடதிசை முத்தும் கூடும் வணிகத் துறையாகவே புத்தளம் மன்னனுக்குப் பயன்பட்டது என்றும், வணிகத்தின் பொருட்டே அவன் அங்குத் தங்கினான் என்றும் கொள்வதே பொருந்தும். நூல் 1355ஆம் ஆண்டில், பதினோராண்டு கழிந்தபின், நினைவிலிருந்து சொல்லி எழுதுவிக்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது.

மன்னன் முத்துக்களை அளித்து, வேண்டுவது யாதென வினவினான். பாதமலையைக் காண்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார் யாத்திரிகர். பல்லக்கும் வழித்துணையாக யோகியரும் பிராமணரும் கிடைத்தனர். மலையேறித் தென்கரை சுற்றி, காலி, கொழும்பு வழியாக அவர் மீண்டபோது கலம் புத்தளத்திலேயே காத்துநின்றது. அதிலேறி மஃபருக்குப் புறப்பட்டார். மறுகரையை அணுகுகையில் அக்கலம் ஆழமற்ற நீரிற் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்திய பின்னரும் அது அசையவில்லை. புத்தளக் கரைக்கு அஞ்சிய மாலுமிகள் தாம் நாடிய கரையிலேயே கலத்தை இழந்தனர்.