தன் படிப்புக்கு ஒரு கடன்

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. 1997-க்குப் பிறகு மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கும் பரவின. இதெல்லாம் எல்லா விழா மலரிலும் வரும். குழுவில் கடன் வாங்கித் தானே தொழில் படித்த பெண்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதான் நான் எழுதறேன்.

தொழில் படிக்க அரசுப் பணம் அதற்கு முன்பே இருந்தது. 1979-ல் வந்த டிரைசெம் திட்டத்தில் கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் உண்டு. ஆனால் வயசு 18-லிருந்து 35 வரைதான். அந்த வயசுல நம்ம இடுப்புல கைக்குழந்தை. பிள்ளைங்க தலையெடுத்து, நாம வெளியே கிளம்பலாம்னு நினைக்கும்போது 35 தாண்டிடும்!

2004-ல் எனக்கு 39 வயசு. தாலுகா ஊரில் ஆறு மாசத் தையல் பயிற்சிக்கு 3,000 ரூபாய் கேட்டாங்க. குழுவில் கடன் கேட்டேன். அதுவரை எங்க கடன் நோட்டில் மாடு, மருத்துவம், பிள்ளை படிப்பு, நகை மீட்க என்றுதான் இருக்கும். என் வயசைப் பத்தி யாரும் பேசலை. மூத்த உறுப்பினர் ஒருத்தர் கேட்டதுதான் சரியான கேள்வி: "மாடு வாங்கினா அடுத்த மாசமே பால் ஊத்தித் தவணை கட்டலாம். படிக்கிற ஆறு மாசம் எதை வச்சுக் கட்டுவே?"

ரெண்டு கூட்டம் இதே பேச்சு. கடைசியில் ஊக்குநர் அக்கா ஒரு வழி சொன்னாங்க. படிக்கிற ஆறு மாசமும் வட்டி மட்டும். அப்புறம் பத்துத் தவணையில் அசல். நூத்துக்கு ரெண்டு வட்டி, மாசம் 60 ரூபாய். அதைப் பூ கட்டின காசில் கட்டினேன். அசல் மாசம் 300-ம் அதுக்கான வட்டியும் ஜாக்கெட் தைச்ச காசு. நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதறதுன்னு யோசிச்சு, பிரதிநிதி "தன் படிப்பு" என்று எழுதினாங்க.

அதே நிபந்தனையில் பிறகு நாலு பேர் வாங்கினாங்க. ஒருத்தி, மாமியார் படுத்துட்டதால பாதியில் நிறுத்திட்டு, களை வெட்டின கூலியில் கடனை அடைச்சா. மத்த மூணு பேரும் படிச்ச தொழிலில்தான் இருக்காங்க.

இப்போ வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி, தங்க இடம், சாப்பாடு எல்லாம் இலவசம். ஆனா அங்க போய்த் தங்கற நாளெல்லாம் கூலி போயிடுமே! அந்த வீட்டுச் செலவுக்கு இப்பவும் குழுவில்தான் கடன் கேட்கிறாங்க. போன வருஷம் எங்க குழுவில் ரெண்டு பேர்.