கல்வெட்டில் ஏறாத பெயர்கள்

புனே ரயிலடிக்கு அருகிலுள்ள சசூன் மருத்துவமனையை இந்நகரத் தமிழர் யாவரும் அறிவர். ஏழை நோயாளிகளின் புகலிடமான அது 1867ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அதற்குப் பொருளீந்த டேவிட் சசூனும் நம்மைப் போல் வேற்றூரிலிருந்து வந்தவரே.

பாக்தாத் நகரத்து யூதரான அவர், அங்கு ஆண்டவரின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறி, 1832இல் பம்பாய் வந்து சேர்ந்தார். வேற்று நாடுகளில் வர்த்தகம் நடத்த, நம்பத்தக்க ஆட்கள் வேண்டும். அவர் தம் புதல்வர்களையே அனுப்பினார். 1844இல் எலியாஸ் சீனம் சென்றார். பருத்தியோடு அபினும் விற்பனைச் சரக்காயிற்று. மாளவத்தில் விளைந்த அபின் பம்பாயில் கப்பலேறிச் சீனரின் உடலையும் குடும்பத்தையும் அரித்தது. பார்சிகளும் ஆங்கிலேயரும் அவருக்கு முன்பே அதில் ஈடுபட்டிருந்தனர். கம்பெனி அரசும் அதனால் வருவாய் பெற்றது. ஆதலால் பழியை ஒரு சமூகத்தார்மீது மட்டும் சுமத்துதல் முறையன்று.

சசூன் 1864இல் புனேயில் காலமானார். மக்கள் 'லால் தேவுள்' என்றழைக்கும் செங்கல் யூத ஆலயத்தின் வளாகத்தில் அவர் சமாதி உள்ளது.

செல்வரின் கொடையைப் போலவே, பொதுப்பணிக்குப் பணம் திரட்ட அந்நூற்றாண்டு கண்ட மற்றொரு வழி லாட்டரி. கல்கத்தாவில் 1813இல் எழுந்த டவுன் ஹால் லாட்டரிப் பணத்தில் கட்டியதே. 1817இல் லாட்டரிக் கமிட்டி அமைந்து, அந்நகரில் சாலைகள் வகுத்தது. இங்கிலாந்தில் எழுந்த கண்டனத்தால் 1836இல் அம்முறை நின்றது.

ஆயினும் ஆசை மீண்டும் முளைத்தது. 1968இல் அண்ணாதுரையின் அரசு பரிசுச்சீட்டைத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அதன் முழக்கம். மறு ஆண்டில் மகாராஷ்டிர அரசும் லாட்டரி நடத்தலாயிற்று. கூலிக்காரரின் அன்றாட ஊதியம் சீட்டில் கரைந்து வீடுகள் நலிந்தன என்னும் குறை வலுக்க, தமிழகம் 2003இல் லாட்டரியைத் தடை செய்தது.

வர்த்தகரின் கொடைக்குக் கல்வெட்டு உண்டு. அக்கொடைக்குப் பின்னால் நின்ற சீனத்து அபின் அடிமைக்கோ, பரிசு விழாத சீட்டோடு வீடு திரும்பிய கூலிக்காரருக்கோ கல்வெட்டு இல்லை. அதனால் மருத்துவமனையின் பயன் குறைந்துவிடாது. நன்றி மறவாமை நம் மரபு. அந்நன்றியில் பெயரற்ற இவர்களுக்கும் உரிய பங்கை அளிப்பதே சரித்திரம் கற்பதன் பயன்.