காரில் எரிபொருள் வாடை நீக்கல்

காருக்குள் சிந்திய அல்லது கசிந்த பெட்ரோல், டீசலின் வாடையை, அதன் மூலத்தைக் கண்டு போக்கும் முறை இது. கோவில்பட்டி, கயத்தாறு, மணியாச்சி வட்டாரக் கரிசல் காட்டில் டிராக்டருக்கும் மோட்டாருக்கும் டீசலைக் கேனில் வாங்கி, காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுபோவது உண்டு. மூடி இறுகாத கேன் ஒரு பள்ளத்தில் சாய்ந்தாலே டிக்கி விரிப்பு நனைந்துவிடும்.

தன்மை

பெட்ரோல் சட்டென ஆவியாகும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோரம் தங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு கலந்திருந்தால் தீப்பற்றும். புற்றுநோய் தரக்கூடிய பென்சீனும் பெட்ரோலில் உண்டு. பிஎஸ்-6 தரத்தில் அதன் உச்ச வரம்பு 1 விழுக்காடு. டீசல் மெல்ல ஆவியாவதால் நாள்கணக்கில் வாடை அடிக்கும்.

நீக்கும் முறை

வண்டியை வீடு, அடுப்பு இல்லாத வெட்டவெளியில் நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறக்க வேண்டும். பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து ஈரத்தின்மேல் அழுத்தி ஒற்ற வேண்டும். தேய்த்தால் கறை பரவும். விரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சுத்திண்டையும் பார்க்க வேண்டும். மேலே காய்ந்தாலும் வாடை தங்குவது அங்கேதான்.

பிறகு சமையல் சோடாவைத் தூவி, ஓர் இரவு விட்டுக் கூட்டி அள்ளலாம். பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் துடைத்து வெயிலில் உலர்த்தலாம். எஞ்சிய வாடைக்குக் கரி உதவும். விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேல மூட்டத்தில் சுடும் கரியை, நன்றாக ஆறியபின் துணிப்பையில் கட்டிச் சில நாள் உள்ளே வைக்கலாம். ஆவி கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் காரில் டேங்கின் ஆவியைப் பிடிக்கும் கலனிலும் ஊக்கப்படுத்திய கரியே இருக்கிறது. சாதாரணக் கரியைவிட அது பல மடங்கு உறிஞ்சும்.

எச்சரிக்கை

வாடை போகும்வரை காருக்குள் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. பெட்ரோல் ஈரத்தில் வீட்டு வேக்குவம் கிளீனரை ஓட்டக் கூடாது. அதன் மோட்டாரின் தீப்பொறியில் ஆவி பற்றிக்கொள்ளும். ஒற்றிய துணியை மூட்டைகட்டி வைக்காமல் வெளியில் விரித்துக் காயவைக்க வேண்டும். வாசனைத் தெளிப்பான் வாடையை மறைக்குமே தவிர ஆவியை அகற்றாது.

எதுவும் சிந்தாமலேயே வாடை வந்தால் எரிபொருள் குழாய், டேங்க் மூடியின் ரப்பர் வளையம், பின்சீட்டுக்கு அடியிலுள்ள பம்ப் மூடி ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். கசிவை அடைக்கும்வரை அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.